ஐஎன்ஆர் 6.8 ஆன பிறகும் முறிமருந்து ஏன் கொடுக்கவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தைக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு பழுதாகி, அந்த இடத்தில் இயந்திர வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அதற்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற எண் எப்போதும் 3-ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. பல்லில் தொற்று என்று ஒரு வாரம் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் அது 6.8-க்கு ஏறிவிட்டது. உடம்பில் எங்கும் இரத்தக் கசிவு இல்லை. மருத்துவர் இரண்டு நாள் வார்ஃபரினை நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் மறுபடி பரிசோதனைக்கு வரச் சொன்னார். வார்ஃபரினின் விளைவை முறிக்கும் வைட்டமின் கே கொடுக்கவில்லை. இது அலட்சியமா, மாமாவுக்குக் கொடுத்திருப்பதுபோல மாதாமாதம் பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைக்கு அப்பாவை ஏன் மாற்றக் கூடாது, பல்லைப் பிடுங்குவதற்கு மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்த மருந்து கைமீறிப் போனால் அதைத் தடுத்து நிறுத்த வழி இருக்கிறதா, இருந்தும் அதை ஏன் பயன்படுத்தவில்லை?

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களைக் கவனிக்கும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் மருத்துவன் நான். உங்கள் தந்தையை நான் பார்க்கவில்லை. அவருடைய சிறுநீரகம், கல்லீரல், பழைய நோய்கள் பற்றி எனக்குத் தெரியாது. அதனால் மாத்திரை அளவு எதையும் இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் விவரித்தபடியே எல்லாம் நடந்திருந்தால் அது அலட்சியம் அல்ல. அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். அதற்கான காரணம் புரிய வேண்டுமானால் மருந்து வேலை செய்யும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இரத்தம் உறைவதற்கு வரிசையாகப் பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட வேண்டும். கடைசியில் திராம்பின் என்ற நொதி உருவாகி, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. அந்த இழைகள்தான் இரத்தக் கட்டியைக் கெட்டிப்படுத்துகின்றன. இந்தப் புரதங்களில் 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட நான்கு காரணிகளைக் கல்லீரல் தயாரிக்கிறது. தயாரித்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றின் நுனியிலும் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு கொக்கி வேண்டும். அந்தக் கொக்கியை மாட்டுவதற்கு வைட்டமின் கே தேவை. கொக்கி இல்லாத காரணி இரத்தத்தில் சும்மா சுற்றிவருமே தவிர, காயம்பட்ட இடத்தில் ஒட்டி வேலை செய்யாது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை மறுபடி பயன்படுத்தத்தக்கதாக மாற்ற உடலில் ஒரு நொதி இருக்கிறது. வார்ஃபரின் முடக்குவது அந்த நொதியைத்தான். இரத்தம் தண்ணீர்போல ஆகிவிட்டது என்று அப்பா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அப்படி எதுவும் ஆவதில்லை. இரத்தத்தின் அடர்த்தி மாறவில்லை. அது உறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் நீள்கிறது.

இந்த மருந்து வந்த வழியும் தெரிந்துகொள்ள வேண்டியதே. 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்துப்போயின. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக்குழு அதற்குக் காரணமான டைகுமராலைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. 'அப்பாவுக்கு எலி விஷம் கொடுக்கிறார்கள்' என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேதிப்பொருள் ஒன்றுதான், உண்மை. அளவும் கண்காணிப்பும்தான் அதை மருந்தாக்குகின்றன.

வார்ஃபரின் புதிய காரணிகளுக்குக் கொக்கி மாட்டுவதைத் தடுக்கிறதே தவிர, ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் காரணிகளை ஒன்றும் செய்வதில்லை. அவை தாமாகத் தீர்ந்துபோக வேண்டும். ஏழாம் காரணி ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டாம் காரணி பாதியாக அறுபது மணி நேரம்கூட ஆகும். அதனால்தான் மருந்து தொடங்கிய இரண்டாம் நாளே ஐஎன்ஆர் ஏறினாலும் நாங்கள் நம்புவதில்லை. அது ஏழாம் காரணி குறைந்ததைத்தான் காட்டுகிறது. உண்மையான பாதுகாப்புக் கிடைக்க ஐந்து நாளாவது ஆகும். அதுவரை, உடனே வேலை செய்யும் ஹெப்பாரின் என்ற ஊசியும் சேர்த்துப் போடுகிறோம். இதே தாமதம் மறுபக்கமும் உண்டு: மாத்திரையை நிறுத்தினால் விளைவு அன்றே நின்றுவிடாது, பல நாட்களில் மெல்ல மெல்ல வடியும். இன்று நீங்கள் பார்க்கும் ஐஎன்ஆர், இரண்டு மூன்று நாட்களுக்கு முன் சாப்பிட்ட மாத்திரையின் பலன்.

ஐஎன்ஆர் பரிசோதனையில், இரத்தத்தின் தெளிந்த நீரில் உறைதலைத் தூண்டும் பொருளையும் கால்சியத்தையும் சேர்த்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். அந்தத் தூண்டுபொருளின் வீரியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடுவதால், எல்லாப் பரிசோதனைக்கூடங்களின் முடிவையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர உலக சுகாதார நிறுவனம் 1983-இல் இந்த விகிதத்தைப் பரிந்துரைத்தது. மருந்து எடுக்காத ஒருவருக்கு இது 1-ஐ ஒட்டி இருக்கும். சீரற்ற இதயத் துடிப்புக்காக வார்ஃபரின் எடுப்பவருக்கு 2 முதல் 3 வரை போதும். மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு இருந்தால் 2.5 முதல் 3.5 வரை வைத்துக்கொள்கிறோம். ஏனென்றால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் கட்டி சேர்வதற்கான வாய்ப்பு அதிகம்.

எண் திடீரென்று எகிறினால் நான் முதலில் இரத்தம் எடுத்த குழாயைப் பற்றி விசாரிப்பேன். இதற்கென்று நீல மூடி போட்ட குழாய் இருக்கிறது. அதில் ஒரு பங்கு சிட்ரேட் திரவம் ஏற்கெனவே இருக்கும். ஒன்பது பங்கு இரத்தம் வந்து சேர வேண்டும். குறியிட்ட கோடு வரை நிரம்பாமல் பாதியிலேயே நிறுத்திவிட்டால், மிஞ்சிய சிட்ரேட் சோதனையில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும், உறைய நேரமாகும், ஐஎன்ஆர் பொய்யாக ஏறிக் காட்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சிறு கருவிகளும் வழக்கமான அளவுகளில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் எண் 5-ஐ நெருங்கிவிட்டால் அவற்றை நம்பி முடிவெடுக்காமல், நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது. உங்கள் தந்தையின் விஷயத்தில் எண்ணைச் சந்தேகிக்கத் தேவையில்லை. மெட்ரோனிடசோல் என்ற காரணம் கண்ணெதிரே இருக்கிறது.

வார்ஃபரினின் வீரியமான பகுதியைக் கல்லீரலில் ஒரு நொதி சிதைக்கிறது. மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல், அமியோடரோன் ஆகியவை அந்த நொதியைத் தடுக்கின்றன. மருந்து சிதையாமல் சேர்கிறது, ஐஎன்ஆர் ஏறுகிறது. ரிஃபாம்பிசினும் கார்பமஸெபினும் இதற்கு நேர்மாறாக அந்த நொதியைத் தூண்டிவிட்டு எண்ணைக் கீழே இழுக்கின்றன. தொற்று வந்தவர் பசியில்லாமல் குறைவாகச் சாப்பிடுவதும் ஒரு காரணம். உணவில் வரும் வைட்டமின் கே குறைந்துவிடுகிறது. இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மெட்ரோனிடசோலை எழுதிய அன்றே நான்கைந்து நாளில் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான், 6.8-ஐக் கையாண்ட விதம் அல்ல. இனி எந்த மருத்துவர் எந்த மருந்தை எழுதினாலும், பல் மருத்துவரானாலும் தோல் மருத்துவரானாலும், 'வார்ஃபரின் சாப்பிடுகிறேன், இயந்திர வால்வு இருக்கிறது' என்ற இரண்டையும் அப்பாவே முதலில் சொல்லட்டும்.

இப்போது முறிமருந்துக்கு வருகிறேன். ஐஎன்ஆர் 4.5-க்கும் 10-க்கும் நடுவில், இரத்தக் கசிவு இல்லாமல் இருப்பவர்களுக்கு வைட்டமின் கே கொடுப்பதால் நன்மை உண்டா என்று முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஆய்வில் ஒரு குழுவுக்கு 1.25 மில்லிகிராம் வைட்டமின் கே வாய்வழியாகவும், மறு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வைட்டமின் கே எடுத்தவர்களுக்கு எண் வேகமாக இறங்கியது. ஆனால் அடுத்த மூன்று மாதங்களில் இரத்தக் கசிவு இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. எண்ணைத் திருத்தியதால் நோயாளிக்குக் கூடுதல் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. ஐஎன்ஆர் 5 முதல் 9 வரை போனவர்களை வெறுமனே மாத்திரையை நிறுத்திக் கவனித்தபோது, ஒரு மாதத்துக்குள் பெரிய இரத்தக் கசிவு வந்தது நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான். அந்த ஒருவரை நான் அற்பமாக எண்ணவில்லை. மூன்றாம் நாளே வரச் சொன்னது அவருக்காகத்தான்.

இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு இன்னொரு கவலையும் சேர்கிறது. பதறிப்போய்ப் பத்து மில்லிகிராம் வைட்டமின் கே போட்டுவிட்டால், அது கல்லீரலில் தங்கி, அடுத்த ஒரு வாரத்துக்குக்கூட வார்ஃபரினைச் செயல்படவிடாது. எண் 1.2-இல் போய் நிற்கும். மாத்திரையைக் கூட்டினாலும் ஏறாது. அந்த நாட்களில் வால்வின் இதழ்மீது கட்டி உட்கார்ந்தால் இதழ் அசையாமல் நின்றுவிடலாம். கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துறையில் எனக்கு ஆணித்தரமாகத் தெரிந்தது ஒன்று உண்டென்றால் இதுதான்: முறிமருந்து கொடுப்பது என்பது, எந்த ஆபத்துக்காக மருந்தைத் தொடங்கினோமோ அந்த ஆபத்தின் கையில் நோயாளியைத் திருப்பிக் கொடுப்பது. அதைவிடப் பெரிய ஆபத்து எதிரில் நிற்கும்போதுதான் அதைச் செய்ய வேண்டும். 6.8-க்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் வாய்வழியாகக் கொடுக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மிக முதியவர், முன்பு இரைப்பையில் இரத்தம் கசிந்தவர் என்றால் அதற்கு நியாயம் உண்டு. இந்த இடத்தில் இரண்டு முடிவும் ஏற்கத்தக்கவையே. எண் 10-ஐத் தாண்டினால் கசிவு இல்லாவிட்டாலும் வாய்வழி வைட்டமின் கே கொடுப்பதே வழக்கம்.

உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான இரத்தக் கசிவு வந்துவிட்டால் தயக்கத்துக்கு இடமில்லை. மூளையில் கசிந்தாலோ வயிற்றில் கசிந்து இரத்த அழுத்தம் விழுந்தாலோ, வைட்டமின் கே 5 முதல் 10 மில்லிகிராம் வரை நரம்புவழி மெதுவாக ஏற்றுவோம். அது கல்லீரலுக்குப் புதிய காரணிகளைச் செய்ய வழிவிடும். ஆனால் பலன் தெரியத் தொடங்கவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். மூளைக்குள் இரத்தம் சேர்ந்துகொண்டிருக்கும்போது அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அதனால் அந்த நான்கு காரணிகளையும் செறிவூட்டி வைத்திருக்கும் புரோத்ராம்பின் கூட்டுமருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். சிறிய அளவு திரவம், நிமிடங்களில் பலன். அது கிடைக்காத இடத்தில், குளிரில் உறைநிலையில் சேமித்த பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர். ஆனால் அதை உருக்க வேண்டும், இரத்தப் பிரிவு பார்க்க வேண்டும், ஒரு லிட்டரையொட்டி ஏற்ற வேண்டியிருக்கும். பலவீனமான இதயத்துக்கு அது பெரும் சுமை. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. கூட்டுமருந்தின் காரணிகள் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வார்ஃபரின் உடலில் இன்னும் இருக்கும். வைட்டமின் கே அந்த இடைவெளியை நிரப்புகிறது.

அடுத்தது, மாமாவின் மாத்திரை. டபிகாட்ரன் திராம்பினை நேரடியாகத் தடுக்கிறது. ரிவரோக்சபன், அபிக்சபன், எடோக்சபன் ஆகிய மூன்றும் பத்தாம் காரணியைத் தடுக்கின்றன. வைட்டமின் கே-யோடு இவற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடுகின்றன. ஒரே அளவு பெரும்பாலோருக்குப் பொருந்துவதால் மாதாமாதம் அளவிட்டுத் திருத்தத் தேவையில்லை. சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்களிடம் 2009 முதல் நடந்த பெரிய ஆய்வுகளில், மூளைக்குள் இரத்தம் கசிவது வார்ஃபரினோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இது பெரிய முன்னேற்றம். மாமாவுக்கும் அந்தக் காரணத்துக்காக என்றால், அதைக் கொடுத்தவர் சரியாகவே செய்திருக்கிறார். வயிறு, குடல் கசிவில் மட்டும் அந்த நன்மை தெரியவில்லை. டபிகாட்ரனின் உயர் அளவிலும் ரிவரோக்சபனிலும் அது வார்ஃபரினைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது.

ஆனால் உங்கள் தந்தைக்கு அது ஆகாது. இதில் ஊகம் இல்லை, சோதித்துப் பார்த்தாயிற்று. இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு டபிகாட்ரன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. டபிகாட்ரன் எடுத்தவர்களில் ஒன்பது பேருக்குப் பக்கவாதம் வந்தது. வார்ஃபரின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இரத்தக் கசிவும் டபிகாட்ரனில்தான் அதிகம். பிறகு இதயத்திலிருந்து பெருந்தமனி தொடங்கும் அயோட்டா இடத்தில் இயந்திர வால்வு உள்ளவர்களிடம் அபிக்சபனைச் சோதித்தார்கள். அந்த ஆய்வும் 2022-இல் கட்டிகளின் எண்ணிக்கையால் முன்கூட்டியே நின்றது. செயற்கைப் பரப்பில் இரத்தம் படும்போது உறைதல் பல நிலைகளில் தூண்டப்படுகிறது. ஒரே ஒரு காரணியை மட்டும் தடுப்பது போதவில்லை, நான்கையும் ஒருசேரக் குறைக்கும் வார்ஃபரின் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். விளக்கத்தில் விவாதம் இருக்கலாம், முடிவில் இல்லை. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, இதயத் துடிப்பும் சீரற்றுப் போனவர்களிடம் 2022-இல் ரிவரோக்சபனைச் சோதித்தபோதும் வார்ஃபரின் வகை மருந்தே இறப்பைக் குறைத்தது. இயந்திர வால்வுக்குப் பதில் விலங்குத் திசுவால் ஆன வால்வு வைத்தவர்களின் கதை வேறு; அவர்களில் பலருக்குப் புதிய மாத்திரை பொருந்தும். அதனால் அப்பாவின் அறுவை சிகிச்சைக் குறிப்பில் வால்வின் வகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குப் பரிசோதனையே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். டபிகாட்ரனில் ஏறத்தாழ எண்பது சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அபிக்சபனில் கால் பங்கு. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து தேங்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது, எழுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு அதைவிட அடிக்கடியும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். ரிவரோக்சபனின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் சரியாக உட்கிரகிக்கப்படாது. டபிகாட்ரன் கேப்சூலைப் பிரித்து உள்ளிருக்கும் துகளை மட்டும் விழுங்கக் கூடாது; மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் சேரும். வார்ஃபரினில் ஒரே ஒரு வேளை மாத்திரையை மறந்தால் மற்ற நாட்களின் விளைவு தாங்கிக்கொள்ளும். புதிய மாத்திரைகளில் இரண்டு வேளை மறந்தால் பாதுகாப்பு அநேகமாகப் போய்விட்டது. ஐஎன்ஆர் இங்கே உதவாது. அது இயல்பாக இருப்பதால் இரத்தத்தில் மருந்து இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. அவசர அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் மருந்தின் அளவை அளக்கத் தனிச் சோதனைகள் உண்டு. மிகப் பருமனானவர்களுக்கும் மிக மெலிந்தவர்களுக்கும் அவற்றை அடிக்கடி செய்ய வேண்டுமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

புதிய மாத்திரைகளுக்கும் முறிமருந்து வந்துவிட்டது. டபிகாட்ரனுக்கு இடருசிசுமாப் என்ற எதிர்ப்புப் புரதத் துண்டு 2015 முதல் இருக்கிறது. ஐந்து கிராம் நரம்புவழி ஏற்றினால் நிமிடங்களில் மருந்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். தானாக உறைதலைத் தூண்டுவதில்லை. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் மருந்துகளில் அது ஒன்று. பத்தாம் காரணியைத் தடுப்பவற்றுக்கு 2018-இல் அமெரிக்காவில் ஆண்டெக்ஸானெட் அனுமதிக்கப்பட்டது; 2025 இறுதியில் அங்கே அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இதில்தான் எனக்குத் தயக்கம். மூளைக்குள் கசிந்தவர்களிடம் அதைச் சோதித்த ஆய்வு 2024-இல் வெளியானது. கசிவு பெருகாமல் கட்டுப்பட்டவர்கள், வழக்கமான சிகிச்சையைவிட இதில்தான் அதிகம். ஆனால் இரத்தக் கட்டி வந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 5.6 சதவீதம், இதில் 10.3 சதவீதம். இறப்பில் தெளிவான வேறுபாடு இல்லை. எண்ணைத் திருத்துவது வேறு, நோயாளியைக் காப்பது வேறு என்று மேலே சொன்னது இங்கும் பொருந்துகிறது. பெரும்பாலான மருத்துவமனைகளில் இன்று கையில் இருப்பது புரோத்ராம்பின் கூட்டுமருந்துதான். அது இந்த மாத்திரைகளுக்கு நேரான முறிமருந்து இல்லையென்றாலும் பலருக்குக் கசிவை நிறுத்த உதவுகிறது. கடைசி மாத்திரையை எப்போது விழுங்கினார் என்ற தகவல் அங்கே மிகவும் முக்கியம். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவமனையில் மருந்தாகத் தரும் கரித்தூள் கொடுத்து உட்கிரகிப்பைக் குறைக்கலாம். ஒரு நாளைக்கு மேலாகிவிட்டது, சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது என்றால் உடலே பெரும்பகுதியைக் கழித்திருக்கும்.

ஹெப்பாரின் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவுக்கு எப்போதாவது தேவைப்படலாம். அது உடலிலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற தடுப்புப் புரதத்தைப் பல மடங்கு முடுக்கிவிடுகிறது. நரம்புவழி ஏற்றுவது ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அதற்கு புரோட்டமின் என்ற முறிமருந்து உண்டு. தோலுக்கடியில் போடும் எனாக்சபரின் போன்ற ஹெப்பாரின் வகைகளை புரோட்டமின் பகுதியளவே முறிக்கும். ஹெப்பாரின் தொடங்கிய ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பாதியாகச் சரிந்தால் உடனே கவனிக்க வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தூண்டப்பட்டு, உறைவைத் தடுக்கும் மருந்தே கட்டிகளை உண்டாக்கும் அரிதான நிலை அது. அப்போது ஹெப்பாரினை முற்றிலும் நிறுத்திவிட்டு வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.

வீட்டில் எதைக் கவனிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் கசிவது, எங்கோ இடித்த இடத்தில் நீலம் பாய்வது இவற்றுக்கு மறுநாள் ஐஎன்ஆர் பார்த்தால் போதும். தார்போல் கறுத்த மலம், சிவந்த சிறுநீர், அழுத்திப் பிடித்தும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிற்காத மூக்கு இரத்தம், திடீரென்று வரும் கடுமையான தலைவலி, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலையில் அடிபட்டால் வெளியே காயமே இல்லாவிட்டாலும் போங்கள். கசிவு சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியலாம். இயந்திர வால்வு உள்ளவருக்கு மறுபக்கத்து எச்சரிக்கையும் உண்டு: வழக்கமாகக் கேட்கும் வால்வின் 'டிக்' ஒலி மங்குவது, திடீரென்று மூச்சுத் திணறுவது. இவை கட்டி சேர்ந்ததைக் காட்டலாம். அதிகம் ஏறுவதற்கு மட்டும் அஞ்சி, 1.6 என்று வந்ததைக் கண்டுகொள்ளாமல் விடும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஐஎன்ஆர் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருந்த ஒருவரை, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொன்னேன். மேசைமேல் பரப்பினார். வெவ்வேறு பெயரில் இரண்டு அட்டைகள். இரண்டுமே வார்ஃபரின், ஒன்று 2 மில்லிகிராம், மற்றது 5. நடுவே கையால் உடைத்த அரை மாத்திரைகள், சிலது கால், சிலது முக்கால். அருகில் முட்டிவலிக்கு அவரே வாங்கிய டைக்ளோஃபெனாக். அந்தப் பையைப் பார்த்த பிறகு புதிய சோதனை எதுவும் தேவைப்படவில்லை. உங்கள் வீட்டிலும் இன்றே இதைச் செய்துபாருங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். அதையும் தொடர்ந்து பல நாள் முழு அளவில் எடுத்தால் ஐஎன்ஆர் ஏறலாம், அதனால் சொல்லிவிட்டு எடுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மருந்துகள் இரைப்பையைப் புண்ணாக்கி, தட்டணுக்களையும் மந்தப்படுத்துகின்றன. ஐஎன்ஆர் சரியாக இருக்கும்போதே கசிய வைக்கும். ஆஸ்பிரின் தனியாகச் செயல்படுவது தட்டணுக்கள்மீது. இதய மருத்துவர் சொல்லாமல் அதைச் சேர்க்கவும் வேண்டாம், அவர் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கீரையை அடியோடு விலக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் மாத்திரையின் அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். வைட்டமின் கே மிகக் குறைவாகச் சாப்பிடுபவர்களின் எண்தான் சின்ன மாற்றத்துக்கும் ஆடுகிறது.

கடைசியாகப் பல். ஒன்றிரண்டு பற்களைப் பிடுங்குவதற்கு வார்ஃபரினை நிறுத்த வேண்டியதில்லை. முந்தைய நாள் அல்லது அன்றைக்குப் பார்த்த ஐஎன்ஆர் அவருக்குரிய வரம்புக்குள், எப்படியும் 4-க்குக் கீழே இருக்க வேண்டும். பல் மருத்துவர் குழியில் தையல் போட்டு, உறைய உதவும் பஞ்சை வைத்து அழுத்துவார். கசிவைக் குறைக்கும் ட்ரானெக்சாமிக் அமிலக் கரைசலால் வாய் கொப்பளிப்பதும் உதவும். காலையில் செய்துகொள்ளுங்கள், கசிந்தால் பகலிலேயே திரும்பிப் போய்க் காட்டலாம். இயந்திர வால்வு இருப்பதால் பல் பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, இதயத்தில் தொற்று வராமல் தடுக்க ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் தேவை. அதைப் பல் மருத்துவருக்கு நினைவூட்டுங்கள். பிறகு மறுபடி மெட்ரோனிடசோல் எழுதினால் வேறு மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் மூன்றாம் அல்லது நான்காம் நாளுக்கு ஐஎன்ஆர் பரிசோதனையை அங்கிருந்து கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.